பிஜி (மருத்துவ மேற்படிப்பு) மூன்று வருடத்தில் ஒரே தம்பதியை எத்தனை முறை பார்க்கிறோம்?

அரசலாறு · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். போன வாரம் லாக்புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) கையெழுத்து வாங்க வந்த இறுதியாண்டு பிஜியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "குழந்தை இல்லை என்று வந்த ஒரு ஜோடியை முதல் நாளிலிருந்து நீயே தொடர்ந்து பார்த்தது உண்டாம்மா?" கொஞ்சம் யோசித்துவிட்டு "இல்லை மேடம்" என்றாள்.

லாக்புக்கில் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. கருக்குழாய் டெஸ்ட் பார்த்தது, முட்டை வளர்ச்சி ஸ்கேன் பார்த்தது, லேப்ராஸ்கோப்பியில் கூட நின்றது எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பெண். ஒருத்திக்கு முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை எழுதிய பிஜி, அவளுக்கு முட்டை வளர்ந்ததா என்று பார்க்கவில்லை. ஸ்கேன் பார்த்த பிஜிக்கு அவள் கணவரின் ரிப்போர்ட் தெரியாது. அந்த மாதம் அவள் தலைக்குக் குளித்தாளா, நாள் தள்ளிப்போனதா என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

இதில் பிஜியைக் குறை சொல்ல முடியாது. யூனிட் ஓபி வாரத்துக்கு ஒரு நாள். "பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வாங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த இரண்டாம் நாள் நம் ஓபி கிழமையில்தான் விழ வேண்டும் என்று என்ன இருக்கிறது? அவள் வேறு யூனிட் நாளில் வருகிறாள். வேறு ஆள் பார்க்கிறார், முதலிலிருந்து கேட்கிறார். அதற்குள் பிஜிக்குப் போஸ்டிங் மாறிவிடுகிறது.

இதனால் என்ன கெடுகிறது என்று ஒரு கேஸ் ஷீட்டை வைத்துச் சொல்கிறேன். "கல்யாணமாகி 4 வருடம், குழந்தை இல்லை" என்று முதல் வரி. கீழே மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் முட்டை வளரும் மாத்திரை, மொத்தம் எட்டு மாதம். நான் அந்தப் பெண்ணிடம் "வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று கேட்டேன். சிங்கப்பூர். வருடத்துக்கு ஒரு முறை, 40 நாள் லீவு. விரல் விட்டு எண்ணிக் கூட்டினோம். நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது ஐந்து மாதம் சொச்சம். மாத்திரை சாப்பிட்ட எட்டு மாதத்தில் ஆறு மாதம் அவர் ஊரிலேயே இல்லை.

12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் குழந்தையின்மை, பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே ஆராய வேண்டும். இதை எந்த பிஜியைக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஆனால் பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் அந்த 12 மாதத்தை எப்படி எண்ணுவது என்று யார் சொல்லிக்கொடுக்கிறோம்?

ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) லேப் வந்தால்தான் இதையெல்லாம் கற்றுத்தர முடியும் என்கிறார்கள். ஒரே ஜோடியை ஆறு மாதம் விடாமல் பார்க்க வைத்தாலே பாதிப் படிப்பு முடிந்துவிடும் என்பது என் எண்ணம். உங்கள் கல்லூரிகளில் எப்படி? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

வெண்ணாறு_பிஜி2 · ஞாயிறு இரவு 10.25

மேடம், நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் எங்கள் நிலைமையையும் பாருங்கள். லேபர் வார்டில் ஒரு பக்கம் பிபி ஏறிய அம்மா, இன்னொரு பக்கம் இரண்டு சிசேரியன் காத்திருக்கும். ஓபியில் வரிசை வராண்டா தாண்டி நிற்கும். அதில் குழந்தையில்லை என்று வரும் பெண் எதுவும் கேட்காமல் ஓரமாக நிற்பார். ரத்தப்போக்கு இல்லை, வலி இல்லை. அதனால் அவர்தான் கடைசி. நான்கு நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது தாம்பத்தியம் பற்றி எப்படிக் கேட்பது? "எல்லாம் நார்மலா இருக்காம்மா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். குழாய் டெஸ்ட் செய்யப் போனபோதுதான் இன்னும் உறவே நடக்கவில்லை என்று தெரிந்தது. வலி, பயம். அந்த மேசையில் அவர் அழுததை நான் மறக்கவில்லை. அதற்கு முன்னால் மூன்று பேர் அவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தோம். அதில் நானும் ஒருத்தி.

---

பழைய_சீஃப் · திங்கள் காலை 6.10

ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. கும்பகோணத்தில் இருக்கிறேன். அரசலாறு, நீ எழுதியதைப் படித்து சந்தோஷப்பட்டேன் அம்மா.

மாமியார் விஷயத்துக்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. "அம்மா, நீங்க போய் இந்தச் சீட்டுக்கு நம்பர் போட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். அந்த ஐந்து நிமிடத்தில் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்க வேண்டும். பிறகு கணவரை மட்டும் தனியாக. இதைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்க முடியாது. பிஜி பக்கத்தில் உட்கார்ந்து நாம் கேட்பதைக் கேட்க வேண்டும்.

மொழியும் அப்படித்தான். இங்கே "நீர்க்கட்டி" என்று சொல்லி வரும் பெண்ணில் பாதிப் பேருக்கு எந்தக் கட்டியும் கிடையாது, யாரோ ஸ்கேனைப் பார்த்துச் சொன்னது. மாதவிடாய் 28 நாளில் வருகிறதா 60 நாளில் வருகிறதா என்று கேட்காமல் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ஆல் இந்தியா கோட்டாவில் வெளி மாநிலத்திலிருந்து வரும் பிஜிகளுக்கு "வீட்டுக்கு விலக்கு", "தூரம்", "முழுகாம இருக்கா", "விசேஷம் இல்லையா" இதெல்லாம் என்னவென்றே தெரியாது. முதல் மாதமே உட்காரவைத்துச் சொல்லித்தருவேன்.

மருந்து விஷயமும் ஒன்று. 2011 அக்டோபரில் லெட்ரோசோலைக் குழந்தையின்மைக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடை போட்டார்கள். 2014இல் அமெரிக்காவில் 750 பிசிஓஎஸ் (நீர்க்கட்டி) பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை, பழைய மாத்திரையான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். 2017இல்தான் இங்கே தடை நீங்கியது. இடையில் படித்து வெளியே போன பிஜிகள் குளோமிஃபீனை மட்டுமே கையில் பழகியவர்கள். இன்றும் சிலர் பழக்கத்தில் அதையே எழுதுகிறார்கள். படித்து முடித்த பிறகும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டிய துறை இது.

---

காவிரி_எஃப்என்பி · திங்கள் மதியம் 1.15

திருச்சியில் தனியார் மையத்தில் வேலை பார்க்கிறேன். ஓஜி (மகப்பேறு) முடித்து, ரீப்ரொடக்டிவ் மெடிசினில், அதாவது கருத்தரிப்பு மருத்துவத்தில், எஃப்என்பி என்ற இரண்டு வருட மேல்பயிற்சி முடித்தேன். மூன்று வருட எம்சிஎச் உயர்படிப்பு படித்த நண்பர்களும் உண்டு. அரசலாறு மேடம் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் "ஐவிஎஃப் வேண்டாம், ஓபி போதும்" என்ற இடத்துக்குப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பிஜியாக இருந்தபோது நடந்தது. இரவு ஒரு மணிக்கு கேஷுவாலிட்டியில் 27 வயதுப் பெண். வயிறு பானை மாதிரி வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. வெளியே ஒரு மையத்தில் முட்டை எடுத்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அந்தக் காகிதம் கணவர் சட்டைப் பையில் இருக்கிறது, நாங்கள் கேட்கவே இல்லை. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட ஓஹெச்எஸ்எஸ் அது. எங்களுக்கு அப்போது அது பரீட்சையில் எழுதும் நாலு வரி விடை. ரத்தம் கெட்டியாவதைத் தடுக்க ஊசி போட வேண்டும் என்பதே காலையில் பெரிய டாக்டர் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் அந்த இரவு என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது.

தனியார் மையத்தில் சிகிச்சை எடுத்தாலும் ஆபத்து என்றால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். அதனால் ஒவ்வொரு பிஜிக்கும் ஊசிகள் என்ன செய்கின்றன, முட்டை எப்படி எடுக்கிறார்கள், கரு எப்படி வைக்கிறார்கள் என்று இரண்டு வாரமாவது கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். எழும்பூரில் அரசு மருத்துவமனையிலேயே மையம் வந்துவிட்டது. அங்கே அனுப்பலாமே.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் வந்த ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான் இந்தச் சிகிச்சை. ஐயூஐ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) மட்டும் செய்யும் இடம்கூட முதல் நிலை கிளினிக்காகப் பதிவு செய்திருக்க வேண்டும். "நம்ம ஓபியிலேயே ஐயூஐ பண்ணிடலாம்" என்று பிஜிகள் சாதாரணமாகப் பேசுகிறார்கள்.

---

அரசலாறு · திங்கள் இரவு 9.05

ஒத்துக்கொள்கிறேன் சார். ஐவிஎஃப் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, எழுதிய விதம் அப்படித் தொனித்துவிட்டது. லேப் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம். ஓஹெச்எஸ்எஸ் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே அடுத்த வகுப்பில் சொல்லப் போகிறேன். "சமீபத்தில் வெளியே ஊசி போட்டீர்களா?" என்பது கேஷுவாலிட்டி கேள்விகளில் சேர வேண்டும்.

---

நுண்ணோக்கி · திங்கள் இரவு 11.30

ஆண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் ஆண்ட்ராலஜி (விந்துப் பரிசோதனை) லேபில் இருக்கிறேன், எம்எஸ்சி கருவியல் படித்தவன்.

விந்துப் பரிசோதனை என்று எழுதிக் கொடுக்கும் எத்தனை பிஜி, ஒரு மாதிரியையாவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள்? ஒரு வாரம் வந்து எங்களோடு உட்காரட்டும். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தாரா, முழுதும் பிடித்தாரா, கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று, இதெல்லாம் தெரியாமல் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மன்னார்குடியிலிருந்து ஒருவர் டப்பாவை பைக் டேங்க் கவரில் வைத்து, மே மாத வெயிலில் எடுத்து வந்தார். அசைவு சுத்தமாக இல்லை. "அணுக்கள் எல்லாம் செத்துப்போச்சு" என்று யாரோ சொல்லி அனுப்ப, அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மறுபடி இங்கேயே கொடுக்கச் சொன்னோம். நன்றாகவே இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே என்றால் மலடு என்று அர்த்தமில்லை. காய்ச்சல் வந்து போனால்கூடக் குறையும். விந்தணு உருவாகி வெளியே வர மூன்று மாதம் பிடிக்கும், அதனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம் உடல் பரிசோதனை. ஓஜி பிஜிகள் ஆணைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. விரை அளவு பார்க்க ஒரு மணிச்சரம் உண்டு, ஆர்க்கிடோமீட்டர். 12 மணிகள், 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை. ஒரு கையில் சரம், மறு கையில் விரை, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. ஒருவருக்கு அணு ஒன்றுகூட இல்லை, மாதிரியின் அளவும் ஒரு மில்லிக்குக் கீழே. மூன்று இடங்களில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். யூராலஜி பிஜி விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு "ரெண்டு பக்கமும் விந்து நாளமே இல்லை" என்றார். பிறவியிலேயே இல்லை. விரையில் அணு உண்டாகிறது, வெளியே வர வழிதான் இல்லை. எந்த மாத்திரையும் நாளத்தை உண்டாக்காது. இவர்களுக்கு மரபணுப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் இன்னும் அவசியம்.

---

சம்பா_நடவு · செவ்வாய் காலை 11.20

நான் டாக்டர் இல்லை. ஒரத்தநாடு பக்கம். நீங்கள் எல்லாரும் எழுதுவதை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். ஏழு வருடம் வைத்தியம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், அரசும் பார்த்தோம், தனியாரும் பார்த்தோம். முதல் நாலு வருடம் எனக்கு மட்டும்தான் டெஸ்ட். குழாய் டெஸ்ட் இரண்டு தடவை, முதல் தடவை எடுத்த படம் பையிலேயே இருந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவருக்குப் பரிசோதனை என்று எழுதினதே ஐந்தாவது வருடம். அதற்கு ஒரு பாத்ரூமைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் இல்லை. வெளியே நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் வந்து "யாரும்மா உள்ளே?" என்று கேட்டார்கள். அவர் முடியவில்லை என்று வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க விடவில்லை. இரண்டு மா நிலம் ஒத்தியில் இருக்கிறது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

திருக்கருகாவூர் போய் நெய்யால் படி மெழுகி, பிரசாத நெய்யை இரண்டு பேரும் 48 நாள் சாப்பிட்டோம். சொன்னால் சில டாக்டர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு சின்ன டாக்டரம்மா மட்டும் "சாப்பிடுங்கக்கா, மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார். அவர் ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, என்றைக்கு மாத்திரை, என்றைக்கு ஸ்கேன், என்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நாள் நாளாக எழுதிக் கொடுத்தார். ஏழு வருடத்தில் எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்த மூன்று மாதம்தான். நான்காம் மாதம் போனால் அவர் இல்லை, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். புதிதாக வந்தவர் "எத்தனை வருஷமாச்சும்மா கல்யாணமாகி?" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

---

வெண்ணாறு_பிஜி2 · செவ்வாய் மதியம் 2.50

அக்கா, எழுதினதற்கு நன்றி. நான் எத்தனை பேரிடம் அப்படி ஆரம்பித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

---

ஹார்மோன்_ஓபி · செவ்வாய் இரவு 8.15

பொது மருத்துவம் முடித்து நாளமில்லாச் சுரப்பியியலில் இருக்கிறேன். ஓஜியிலிருந்து எங்களிடம் அனுப்பப்படும் பெண்களில் அடிக்கடி பார்ப்பது ஒன்று: புரோலாக்டின் (பால் சுரக்கும் ஹார்மோன்) கூடுதல், உடனே அதைக் குறைக்கும் கேபர்கோலின், சிலருக்கு மூளைக்கு எம்ஆர்ஐ வரை. நான் முதலில் கேட்பது "கேஸ் (வாயு) மாத்திரை சாப்பிடுறீங்களா?" மெடிக்கல் ஷாப்பில் நெஞ்செரிச்சலுக்குத் தானாக வாங்கும் கேப்சூலில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றும். நிறுத்திவிட்டுப் பிறகு பார்த்தால் பல பேருக்கு இறங்கிவிடுகிறது. தைராய்டு குறைவாக இருந்தாலும் புரோலாக்டின் ஏறும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, முட்டை வெடித்ததா என்று பார்க்கும் 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் டெஸ்ட். 28 நாளுக்கு ஒரு முறை தூரமாகிறவளுக்குத்தான் 21ஆம் நாள். 40 நாள் சுற்று உள்ளவளுக்கு அன்றைக்கு எடுத்து "முட்டை வெடிக்கவில்லை" என்று எழுதுவது தவறு. அடுத்த தூரத்துக்கு ஏழு நாள் முன்னால் என்று கணக்குப் போட வேண்டும். பிஜியை எங்கள் ஓபிக்கு மாதம் இரண்டு நாள் அனுப்புங்கள், சந்தோஷமாகச் சொல்லித்தருகிறோம்.

---

கொள்ளிடக்கரை · புதன் காலை 7.00

நான் இறுதியாண்டு, இப்போது மாவட்ட மருத்துவமனையில் டிஆர்பி (மாவட்டப் பயிற்சி). மூன்று மாதம் கட்டாயம் போக வேண்டியது. மேடம் கேட்ட தொடர்ச்சி இதில்தான் முதலில் அறுகிறது. ஆனால் இங்கே வந்த பிறகு ஒரு யோசனை. கிராமத்தில் விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்காக்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. கருத்தடைக்காக வைத்திருப்பதுதான், ஆனால் யாருக்கு இன்னும் குழந்தை இல்லை, யார் வீட்டுக்காரர் எப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மூலம் நம் தம்பதிகளைப் பின்தொடரலாமே?

---

சம்பா_நடவு · புதன் காலை 9.35

வேண்டாம் தம்பி. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் நர்சம்மா எங்கள் வீட்டுப் படியேறினால் தெருவே "என்ன, விசேஷமா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. டாக்டரிடம் நேராகப் பேச ஒரு நம்பர் இருந்தால் போதும்.

---

கொள்ளிடக்கரை · புதன் காலை 10.10

சரிக்கா. இதை நான் யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணே சம்மதித்துக் கேட்டால் தவிர இதைச் செய்யக் கூடாது.

---

அரசலாறு · சனி இரவு 9.50

இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. துறைத் தலைவரிடம் பேசினேன். வியாழன் மதியம் இரண்டு மணிக்குமேல் தனி ஓபி, அதற்கு இரண்டு பிஜிகளை லேபர் வார்டிலிருந்து விடுவிக்கிறார். முழு மதியம் கேட்டேன், இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. முதலாண்டு பிஜி ஒவ்வொருவருக்கும் ஐந்து தம்பதி. யூனிட் மாறினாலும் டிஆர்பி போனாலும் அவர்கள் இவருடைய தம்பதிதான். போக நேர்ந்தால் அடுத்தவரை அந்தத் தம்பதிக்கு நேரில் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாம் நாள் எந்தக் கிழமையில் விழுந்தாலும் துறை போனுக்கு அழைத்துவிட்டு நேராக வரலாம்.

கேஸ் ஷீட் முதல் பக்கத்தில் "கல்யாணமாகி எத்தனை வருடம்" என்ற இடத்துக்குக் கீழே "சேர்ந்திருந்த மாதங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். வெளி மருந்துகள் என்ற இடத்தில் கேஸ் மாத்திரை உட்பட என்று எழுதியிருக்கிறோம். கணவரின் பரிசோதனை முதல் வரவிலேயே. லேபில் ஒரு வாரம் உட்காரவும் ஏற்பாடு செய்துவிட்டேன், மணிச்சரம் மட்டும் இன்னும் வாங்கவில்லை. எழும்பூருக்கு அனுப்புவதற்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

சம்பா நடவு, நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் எங்கள் லேப் பக்கத்துப் பாத்ரூமைப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் கதவு நிலையில் பொருந்தவில்லை, தூக்கிப் பிடித்தால்தான் விழும். தச்சர் வந்து சரி செய்துவிட்டார். உள்ளே ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறோம். எங்கிருந்தாலும் அந்தப் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை வாருங்கள். தனிச்செய்தியில் விவரம் அனுப்பியிருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம் அம்மா.

---

வெண்ணாறு_பிஜி2 · அடுத்த வியாழன் இரவு 10.40

எங்கள் கல்லூரியிலும் சீஃபிடம் கேட்டுப் பார்த்தேன். தனி ஓபி இப்போதைக்கு முடியாது, ஆனால் நீ வேண்டுமானால் ஐந்து பேரை எடுத்துக்கொள் என்றார். இன்று முதல் தம்பதி. அவர் துபாயில் இருந்து 45 நாள் லீவில் வந்திருக்கிறார், 11 நாள் போய்விட்டது. மாமியாரைச் சீட்டுக்கு நம்பர் போட அனுப்பினேன், பழைய சீஃப் மேடம் சொன்ன மாதிரியே. அந்தப் பெண் முதலில் பேசவில்லை, பிறகு நான் எழுதி முடிக்க முடியாத அளவுக்குப் பேசினார். கணவருக்கு நாளைக் காலை பரிசோதனை. அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வாக்கில் தூரமாகலாம், இரண்டாம் நாள் திங்கள். எனக்கு அன்று நைட் டூட்டி. பரவாயில்லை, காலை எட்டு மணிக்கே வரச்சொல்லிவிட்டேன்.